பாடியா, லென்ஸா? - நூறு சொதப்பல் படங்கள் சொன்ன பதில்

நாலு மாசமா வீட்ல ஒரே விசாரணை. "ஏங்க, ராத்திரி பன்னண்டு மணிக்கு முழிச்சிட்டு மொபைல்ல அப்படி என்னதான் பார்க்கறீங்க?" வேற ஒண்ணும் இல்லை மக்களே, கேமராதான். தங்கமணிக்கு அது சந்தேகத்தைவிடப் பெரிய பயம். சந்தேகம்னா சண்டை போட்டு முடிச்சிடலாம், கேமரான்னா பர்ஸ் காலியாயிடும் இல்லையா :-)

என்கிட்ட இருக்கறது கேனான் 550டி. 2011ல வாங்கினது. 18 மெகாபிக்ஸல், கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ். ரெண்டு வருஷம் கழிச்சு சீட்டுப் பணத்துல ஒரு 55-250. மொத்த சொத்தே அவ்ளோதான். இத்தனை வருஷமா சண்டை சச்சரவு இல்லாம குடும்பம் நடத்திட்டு இருந்தோம்.

விதி வேடந்தாங்கல்ல வந்துச்சு. போன ஜனவரியில ஒரு ஞாயித்துக்கிழமை விடியக்காலைல போயிருந்தேன். பக்கத்துல நின்ன நண்பர் கையில புது மிரர்லெஸ். நத்தைகுத்தி நாரை ஒண்ணு சுள்ளியைக் கவ்விட்டுப் பறந்து வருது. அவரோட கேமரா அதோட கண்ணைத் தானா கண்டுபிடிச்சு ஒட்டிக்கிட்டே போகுது. நான் என்னோட ஒன்பது ஃபோகஸ் புள்ளியில நடுவுல இருக்கறதை நாரை மேல வைக்கறதுக்குள்ள, அது கூட்டுக்குப் போய் சுள்ளியை வச்சுட்டு அடுத்ததை எடுக்கவே கிளம்பிடுச்சு. அன்னிக்குத்தான் தூக்கம் போச்சு.

அப்புறம் என்ன, ஆராய்ச்சிதான். கேனான், நிக்கான் ரெண்டுமே 2018ல ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்ஸுக்கு வந்தாச்சு. 2020க்கு அப்புறம் ரெண்டு பேருமே புதுசா டிஎஸ்எல்ஆர் எதையும் இறக்கலை. சோனி இவங்களுக்கு முன்னாடியே 2013ல ஆரம்பிச்சுட்டாங்க. "இனிமே பழைய மவுன்ட்ல காசு போடறவன் முட்டாள்"னு ஒரு வீடியோ. "பழைய மவுன்ட் லென்ஸைத்தான் சல்லிசா அள்ளலாம்"னு அடுத்த வீடியோ. எக்ஸெல் ஷீட் எல்லாம் போட்டேன். நான் மனசுல வச்சிருந்த பாடியும் ஒரு சுமாரான லென்ஸும் சேர்த்தாலே ஒண்ணரை லட்சத்தைத் தாண்டுச்சு. பையனோட ஸ்கூல் ஃபீஸ் அதே பேங்க் அக்கவுண்ட்லதான் இருக்கு.

ஒரு ராத்திரி எக்ஸெல் ஷீட்டைத் தங்கமணி கிட்டயே காட்டினேன். எல்லாத்தையும் பொறுமையா பார்த்தாங்க. கேட்டது ஒரே கேள்வி.

"வாங்குங்க. ஆனா மாமாவுக்கு மாட்டியிருக்கறது எந்தப் படம்னு ஞாபகம் இருக்கா?"

என்கிட்ட பதில் இல்லை.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். அப்பா 2022ல தவறினார். காரியத்துக்கு முன்னாடி மாட்டறதுக்கு ஒரு படம் வேணும். வீட்ல போட்டோ புடிக்கிற பையன் நான்தான், என்கிட்டதானே கேப்பாங்க? ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து உக்காந்தேன். பதினோரு வருஷத்துப் படங்கள். பூ இருக்கு, பொன்வண்டு இருக்கு, மகாபலிபுரத்துல அலை பாலு மாதிரி வழுக்கிட்டுப் போற லாங் எக்ஸ்போஷர் மட்டும் நாப்பது இருக்கு. அப்பா படம் இல்லாம இல்லை. ஆனா எல்லாமே திருவாரூர் பக்கத்துல இருக்கற எங்க ஓட்டு வீட்டுக்குள்ள, டியூப் லைட் வெளிச்சத்துல எடுத்தது. சிரிக்கறார், கலங்கியிருக்கு. பேப்பர் படிக்கறார், கலங்கியிருக்கு. பேரனைத் தூக்கறார், பேரன் தெளிவா இருக்கான், தாத்தா ஆவி மாதிரி இருக்கார்.

கடைசியில பென்ஷன் ஃபைல்ல இருந்த பாஸ்போர்ட் சைஸ் படத்தைத்தான் பெருசாக்கினோம். ஸ்டூடியோக்காரர் நல்ல மனசோட அப்பா முகத்துல இருந்த அம்மைத் தழும்பை எல்லாம் துடைச்சு வழவழன்னு ஆக்கிக் கொடுத்துட்டார். திருத்தச் சொல்ல நேரம் இல்லை. இன்னிக்கும் கூடத்துல மாட்டியிருக்கறது அதுதான். யாரோ ஒருத்தர் அப்பா சட்டையைப் போட்டுக்கிட்ட மாதிரி இருப்பார்.

அம்மாவுக்கு இப்ப 76.

சரி, விஷயத்துக்கு வர்றேன். மறுநாள் எக்ஸெல் ஷீட்டை மூடிட்டு வேற வேலை பண்ணினேன். கேமரா மாத்தணும்னு நினைக்கற எல்லாருக்கும் இதை சிபாரிசு பண்றேன், பைசா செலவில்லை. பழைய படங்கள்ல இருந்து "இது மட்டும் நல்லா வந்திருந்தா..."ன்னு மனசு அடிச்சுக்கற நூறு படத்தைப் பொறுக்கி எடுங்க. ஒவ்வொண்ணும் ஏன் சொதப்பிச்சுன்னு ஒரு நோட்டுல கோடு போட்டு எண்ணுங்க. ஷட்டர் வேகம், துளை, ஐஎஸ்ஓ எல்லாம் படத்துக்குள்ளயே பதிவாகியிருக்கும். லைட்ரூம் மாதிரி எதுல திறந்தாலும் காட்டும்.

என் நோட்டு சொன்ன கணக்கு இது:

வெளிச்சம் பத்தாம, ஷட்டர் மெதுவாகி, கை அல்லது ஆள் அசைஞ்சது - 58
ஃபோகஸ் தப்பினது - 17
தூரம் எட்டாதது - 11
ஐஎஸ்ஓ ஏத்தி மணல் கொட்டின மாதிரி ஆனது - 9
கேமரா மேல பழி போடவே முடியாத என் சொந்த சொதப்பல் - 5

கடைசி எண்ணிக்கையில கொஞ்சம் சலுகை எடுத்துக்கிட்டேன், கண்டுக்காதீங்க.

இந்த 58ல முக்கால்வாசி வீட்டுக்குள்ள எடுத்தது. அப்பா பேப்பர் படிக்கற படத்தைத் திறந்து விவரம் பார்த்தேன். 55 மில்லிமீட்டர், எஃப் 5.6, ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/10 நொடி. கிட் லென்ஸ்ல இருக்கற ஸ்டெபிலைஸர் என் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். பேப்பரைப் புரட்டற அப்பாவை அதால நிறுத்த முடியாது. ட்ரைபாட் வச்சாலும் இதே கதைதான்.

இப்ப கணக்கு. ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். 550டியோடது 22.3க்கு 14.9. பரப்பளவு 2.6 மடங்கு. அதாவது ஒண்ணரை லட்சம் போட்டா, அதே துளையில, அதே அளவு மணலோட, 1/10 நொடி 1/25 ஆகும். புது சென்சார்ங்கறதால இன்னும் கொஞ்சம் மேல போகலாம். ஆனா கூட வர்ற சில கிட் லென்ஸ் எஃப் 6.3 வரைக்கும் சுருங்குது, கிடைச்ச லாபத்துல கொஞ்சம் அங்கயே போயிடும்.

அதுக்கு பதிலா அதே பழைய பாடியில ஒரு 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 மாட்டினா? 5.6ஐ 1.8ஆல வகுத்து வர்க்கம் எடுங்க. கிட்டத்தட்ட 9.7 மடங்கு வெளிச்சம். 1/10 நொடி, 1/100 நொடியா மாறிடும்! பேப்பர் புரட்டற கையே நின்னுடும். இந்த லென்ஸ் பழசு வாங்கினா என் போன் விலையில பாதிகூட இல்லை.

நோட்டை மூடிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். இந்தக் கணக்கு 2011லயும் இதேதான். அப்பவும் இந்த லென்ஸ் கடையில இருந்துச்சு. நான் 55-250தான் வாங்கினேன். பறவை எட்டலைன்னு.

உடனே ஓடிப் போய் வாங்கிடலை. மத்த வழிகளையும் பார்த்தேன். ஃப்ளாஷ் வச்சு மேல்கூரையில வெளிச்சத்தைத் தட்டி எடுக்கலாம்தான், ஆனா அதுக்கு வெள்ளையா ஒரு சீலிங் வேணும். எங்க வீட்ல நாட்டு ஓடும் கறுத்துப் போன சட்டமும்தான். நேரா அடிச்சா அம்மா கண்ணை மூடிக்குவாங்க, கேட்ராக்ட் ஆபரேஷனுக்கு அப்புறம் பளீர் வெளிச்சம் ஆகறதில்லை. "போன்லயே எடுங்களேன்"னாங்க தங்கமணி. நியாயமான கேள்விதான். இப்ப வர்ற போன்கள் இருட்டுல நாலஞ்சு படத்தை எடுத்து அடுக்கி ஒண்ணாக்குது, அசையாம உக்காந்தா அருமையா வருது. ஆனா எங்கம்மா அசையாம உக்காந்து நான் பார்த்ததே இல்லை.

24 மில்லிமீட்டர் எஃப் 2.8 ஒண்ணும் பட்டியல்ல இருந்துச்சு. அடக்கமா தோசை மாதிரி இருக்கும், சின்ன ரூமுக்கு வசதி. ஆனா அந்த இடத்துல கிட் லென்ஸே எஃப் 4 தந்துடுது. லாபம் ரெண்டு மடங்குதான். 50 ஓகே, ஆனா க்ராப் சென்சார்ல அது 80 மாதிரி நடந்துக்கும், ரூமுக்குள்ள இடம் பத்துமா? அதுக்கும் ஒரு வழி பண்ணினேன். கிட் லென்ஸை 50ல நிறுத்தி, ஜூம் வளையத்துல செல்லோடேப் ஒட்டிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க வீட்டுக்குள்ள சுத்தினேன். ஒரு ஆளை இடுப்புக்கு மேல எடுக்கப் போதும். குடும்பம் மொத்தத்தையும் எடுக்கணும்னா சுவத்தை இடிக்கணும். எனக்கு வேண்டியது ஒரு ஆள்தான். முடிவாச்சு.

பழசு வாங்கினதுல ஒரு பாடம். முதல்ல ஒரு கடையில காட்டின லென்ஸ் வெளியில பளபளன்னு புது மாப்பிள்ளை மாதிரி இருந்துச்சு. போன் டார்ச்சைப் பின்பக்கமா அடிச்சு முன்பக்கமா பார்த்தா, உள்ள சிலந்தி வலை மாதிரி ஃபங்கஸ். "அது படத்துல தெரியாது சார்"ன்னார் கடைக்காரர். எங்களுக்குத் தெரியுமே! சென்னை ஈரப்பதத்துக்கு அது நிக்காம வளரும். வேற இடத்துல 6,000 ரூபாய்க்கு சுத்தமா ஒண்ணு கிடைச்சுது. வீட்டுக்கு வந்ததும் நியூஸ்பேப்பரைச் சாய்ச்சு வச்சு எஃப் 1.8ல ஃபோகஸ் சரியா விழுதான்னு சோதிச்சேன். கொஞ்சம் முன்னாடி விழுது. என் பாடியில அதைத் திருத்தற வசதி கிடையாது. ஆனா திரையைப் பார்த்து லைவ் வியூல பத்து மடங்கு பெருசாக்கி ஃபோகஸ் பண்ணினா கச்சிதம். மெதுவாத்தான் ஆகும். நாரைக்கு ஆகாது, அம்மாவுக்கு ஆகும்.

போன மாசம் ஊருக்குப் போனேன். முதல் நாள் முப்பது படம் எடுத்தேன். அத்தனையிலயும் அம்மா மூக்குத்தி மின்னுது, கண்ணு கலங்கல். ஒண்ணரை மீட்டர் தூரத்துல எஃப் 1.8ல தெளிவா விழற ஆழம் நாலு விரல்கடைதான். அவங்க முன்னால சாய்ஞ்சா போச்சு. 2.5க்கு சுருக்கிக்கிட்டேன். ஷட்டரையும் 1/100க்கு மேல போக விடலை. பழைய சோக் வச்ச டியூப் லைட் நொடிக்கு நூறு தடவை மினுக்கும், வேகத்தைக் கூட்டினா படத்துக்குப் படம் நிறம் மாறும்.

ரெண்டாம் நாள் சாயங்காலம் அம்மாவே கேட்டாங்க. "ஏண்டா தம்பி, இந்த இருட்டுலயே நின்னு மல்லுக்கட்டறியே. உங்கப்பா ஒரு நாளாவது உள்ள வச்சு படம் எடுத்திருக்காரா?"

அப்பதான் உறைச்சுது. அப்பா கிட்ட ஒரு அக்ஃபா க்ளிக் 3 இருந்துச்சு. ஒரு ரோலுக்குப் பன்னண்டே படம். வீட்டுக்குள்ள எடுத்தா விழாதுன்னு அவருக்குத் தெரியும். அதனால யாரா இருந்தாலும் "வெளிச்சத்துக்கு வா"ன்னு முற்றத்துக்குக் கூட்டிட்டு வந்துடுவார். அந்தப் பழைய ஆல்பத்துல ஒரு படம்கூட கலங்கலா இருக்காது. தன் கேமராவால என்ன முடியாதுன்னு அவருக்கு அத்துப்படி. எனக்கு அது தெரிய பதினோரு வருஷமும் ஒரு சாவும் ஆச்சு.

முற்றத்து ஓரத்துல முறத்தோட உக்கார வச்சேன். அரிசி புடைச்சுக்கிட்டே பக்கத்து வீட்டுக் கதை சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. நான் எடுத்துக்கிட்டே இருந்தேன்.

சென்னை வந்து எட்டுக்குப் பன்னண்டுல ஒரு பிரின்ட் போட்டு அனுப்பினேன். போன்ல கூப்பிட்டாங்க.

"ஏண்டா, எனக்கு இவ்ளோ சுருக்கமாடா இருக்கு?"

"ஆமாம்மா. எதையும் துடைக்கலை."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சாதாரணமா சொன்னாங்க. "நல்லாத்தான் இருக்கு. இதையே பத்திரமா வச்சுக்க. அப்பாவுக்கு அலைஞ்ச மாதிரி அலையாதே."

நான் பேச்சை மாத்திட்டேன்.

புது பாடி வாங்கறது தப்புன்னு நான் சொல்லலை. வேடந்தாங்கல் நண்பர் தன்னோட நூறு படத்தை எண்ணியிருந்தா எழுபது ஃபோகஸ் தப்பினதா இருந்திருக்கும், அவருக்கு மிரர்லெஸ்தான் மருந்து. கபடி, கல்யாணம்னு ஓடறவங்களுக்கும் அப்படித்தான். என் வியாதிக்கு 6,000 ரூபாய் கஷாயம் போதுமா இருந்துச்சு. எந்த மருந்துன்னு கடைக்காரர் சொல்றதுக்கு முன்னாடி வியாதி என்னன்னு பார்த்துக்கங்க, அவ்ளோதான்.

டிஸ்கி 1: ஒண்ணரை லட்சம் மிச்சம்னு நினைச்சுட்டு இருந்தேன். தங்கமணி பழைய எக்ஸெல் ஷீட்லயே ஒரு புது வரி சேர்த்திருக்காங்க. 'வாஷிங் மெஷின்'.

டிஸ்கி 2: அந்த நாரை இன்னும் கண்ணுக்குள்ளயேதான் பறக்குது :-)