பைனாகுலர் எந்த ஊர்ச் சரக்கு?

வாழை குலை தள்ளிருச்சுன்னா எங்க பக்கம் ராத்தூக்கம் போச்சுன்னு அர்த்தம். காட்டோரத் தோட்டம். பள்ளத்தைத் தாண்டினா வனத்துறை எல்லைக்கல்லு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல மூங்கில் புதர்ப் பக்கம் நிக்கிறது யானையா, எருமையா, வெறும் பாறையான்னு தெரிஞ்சாகணும். தெரிஞ்சாத்தான் மோட்டார் போடப் போகலாமா, டியூஷன் போன குழந்தைகளை எந்தத் தடத்துல கூட்டிட்டு வர்றதுன்னு முடிவு பண்ண முடியும்.

இதுக்காகவே ஏழு வீட்டுக்காரங்க ஆளுக்கு 2,000 ரூபாய் போட்டு ஒரு பைனாகுலர் வாங்கினோம். அதுக்கு முன்னாடி பக்கத்துத் தோட்டத்து அண்ணன்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. பொருட்காட்சியில வாங்கினது. 20×50ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும், கண்ணாடி செக்கச்செவேல்னு மின்னும். பகல்ல எதிர்மலைக் கோயில் கொடி வரைக்கும் தெரியும். அந்தி சாஞ்சா ஒண்ணும் தெரியாது. போன தை மாசம் ஒரு நாள் அதுல பாத்துட்டு, "ஒண்ணுமில்லைங், பாறைதான்"னு சொல்லிட்டு மோட்டார் ரூமுக்கு நடந்தார். நாய் விடாம குலைக்கவும் நின்னு பாத்திருக்கார். பாறை காதை ஆட்டுச்சு.

ஏன் தெரியலைங்கறதுக்கு ஒரு கணக்கு இருக்குதுங்க. முதல் எண் எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்னு சொல்லும். ரெண்டாவது, முன்கண்ணாடியோட அகலம், மில்லிமீட்டர்ல. ரெண்டாவதை முதலால வகுத்தா, நம்ம கண்ணுக்கு வந்து சேர்ற ஒளிவட்டத்தோட அகலம் கிடைக்கும். 20×50ன்னா வெறும் 2.5 மில்லிமீட்டர். 8×42ன்னா 5.25. இருட்டுல நம்ம கண்மணி 5லருந்து 7 மில்லிமீட்டர் வரைக்கும் விரியும், வயசாக ஆகக் குறையும். விரிஞ்ச கண்ணுக்கு 2.5ல வெளிச்சம் குடுத்தா, அகலமான வாய்க்கால்ல சொட்டுநீர் விட்ட மாதிரிதான். அந்தச் செவப்புப் பூச்சும் வெறும் பகட்டு. செவப்பு ஒளியை வெளியவே திருப்பி அனுப்பிட்டு, காட்சியைப் பச்சை தட்டிக் காட்டும்.

எந்தக் கம்பெனி, எந்த நாட்டுச் சரக்குன்னு தேடினப்போதான் கதையே ஆரம்பிச்சது. என் மச்சினன் மகன் அமெரிக்காவுல டெக்சாஸ்ல இருக்கான். அங்க காட்டுப்பன்னியைத் தோட்டக்காரரே சுடலாம், அதனால துப்பாக்கி ஸ்கோப் பத்தின பேச்சு டீக்கடையில அரசியல் பேசற மாதிரி நடக்குமாம். பைனாகுலர் போடற கம்பெனிங்க பலதும் அந்த ஸ்கோப்பும் போடறவங்கதான். அவன் சொன்னது இதுதான்: "மாமா, கம்பெனி பேரைப் பாக்காதீங்க, மாடலைப் பாருங்க." வோர்டெக்ஸ்னு ஒரு கம்பெனி, தலைமை அலுவலகம் விஸ்கான்சின்ல. அவங்க கிராஸ்ஃபயர் ஸ்கோப் சீனாவுல ஆகுது, வைப்பர் பிலிப்பைன்ஸ்ல, ரேசர் ஹெச்டி ஜப்பான்ல. ஒரே பேரு, மூணு நாடு, மூணு விலை. லியூபோல்ட் கம்பெனி ஸ்கோப்பை ஓரிகான் மாநிலம் பீவர்ட்டன்ல சொந்தப் பட்டறையில பண்றாங்க, ஆனா அதே பேரு போட்ட பைனாகுலர் வெளிநாட்டுலருந்து வருது.

ஸ்கோப்புக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. ஒவ்வொரு சூட்டுக்கும் துப்பாக்கி உதைக்கும். அந்த உதையில உள்ள இருக்கற கண்ணாடி ஒரு மயிரிழை நகந்தாலும் 100 கஜத்துல குறி தப்பிடும். குமிழைப் பத்துச் சொடுக்கு திருப்பி, மறுபடி பத்துச் சொடுக்கு பழைய இடத்துக்கே கொண்டாந்தா, குறியும் பழைய இடத்துக்கே வரணும். மலிவான ஸ்கோப் பெரும்பாலும் கண்ணாடியில தோக்கறதில்லை, இந்தத் திருப்பத்துலதான் தோக்குதாம். பைனாகுலர்ல அந்த வேலையில்லை. ஆனா ரெண்டு குழாயும் ஒரே இடத்தைப் பாக்கணும். இல்லேன்னா பத்து நிமிஷத்துல தலைவலி வந்துரும்.

"சீனாச் சரக்கா?"ன்னு எங்க ஏழு பேர்ல மூணு பேர் முகத்தைச் சுளிச்சாங்க. இதே பேச்சை அந்தக் காலத்துல ஜப்பானும் வாங்கியிருக்கு. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் டோக்கியோ பக்கம் இதாபாஷியில சின்னச்சின்னப் பட்டறைங்க பைனாகுலர் பண்ணி, அமெரிக்கக் கடைக்காரங்க கேட்ட பேரெல்லாம் போட்டு அனுப்புனாங்க. மட்டச் சரக்குன்னு பேரு கெடவே, ஏற்றுமதிக்கு முன்னாடி சோதனை பண்ணி, தேறினதுக்குத் தங்க நிறத்துல "பாஸ்டு"ன்னு ஸ்டிக்கர் ஒட்டுனாங்க. இன்னிக்கு அந்த இடத்துல சீனாவோட குன்மிங் நிக்குது. திருப்பூர் பனியனைப் பாத்தவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பெரிய பேருக்கும் அங்கதான் தைக்கறாங்க, நம்ம சந்தையில குவிச்சு விக்கறதும் அங்கதான் தைக்கறாங்க. ஆர்டர் குடுக்கறவன் என்ன நூல் கேக்கறான், எத்தனையைக் கழிச்சு ஒதுக்கச் சொல்றான்ங்கறதுதான் வித்தியாசம்.

உச்சத்துல இருக்கறவங்க கதை வேற. ஸ்வரோவ்ஸ்கி ஆஸ்திரியாவுல டிரோல் மலைப்பக்கம் அப்சாம்ங்கற ஊர்ல பண்றாங்க. ஜைஸ் கம்பெனியோட விக்டரி ஜெர்மனியில வெட்ஸ்லர்ல ஆகுது, அதே ஜைஸோட டெர்ரா சீனாவுல ஆகுது. லைக்கா ஜெர்மன் பேருதான், ஆனா போர்ச்சுகல்ல பெரிய ஆலை வெச்சிருக்காங்க. உச்ச மாடலெல்லாம் லட்சக் கணக்கு. எதுக்கு அவ்வளவு விலைன்னா, பூச்சுதான் பாதிக் காரணம். பூச்சில்லாத கண்ணாடியோட ஒவ்வொரு முகமும் 4 சதவீதம் போல வெளிச்சத்தைத் திருப்பி விட்டுடும். பத்து முகம் தாண்டி வர்றதுக்குள்ள மூணுல ஒரு பங்கு போயிரும். இதைத் தடுக்கற பூச்சை 1935ல ஜைஸ்லதான் ஸ்மகுலாங்கறவர் கண்டுபிடிச்சார். இப்ப நடுத்தர விலைச் சரக்குலயும் நல்ல பூச்சு வந்துருச்சு. என் கணக்குல, 2,000லருந்து 14,000க்குப் போறப்ப கிடைக்கற லாபம் மலையளவு. அதுக்கு மேல லட்சம் போட்டா, அந்தியில கடைசிப் பத்து நிமிஷம் கூடுதலாத் தெரியும். யானை அந்தப் பத்து நிமிஷத்துலதான் வருது, அது வேற விஷயம். ஆனா அந்தக் காசுக்கு ஒரு நல்ல பசுமாடு வாங்கிடலாமுங்க.

நாங்க வாங்கினது ஜப்பான் பேரு போட்டு சீனாவுல செஞ்ச 8×42. கடையிலயே ரெண்டு காரியம் பண்ணினேன். கை நீட்டற தூரத்துல பிடிச்சு, வெளிச்சத்துப் பக்கம் காட்டி, பின்கண்ணாடியில தெரியற ஒளிவட்டத்தைப் பாத்தேன். முழு வட்டமா இருந்தா உள்ள இருக்கற பட்டகம் நல்ல ரகம். ஓரம் வெட்டுன மாதிரி சாம்பலா, சதுரம் தட்டியிருந்தா மலிவு. அப்புறம் தூரத்துக் கரண்டுக் கம்பியைப் பாத்தேன், ரெண்டாத் தெரியுதான்னு. உள்ள நைட்ரஜன் அடைச்சதாங்கறதையும் கேட்டு வாங்கினேன். இல்லேன்னா பனிக்காலத்துல உள்ளயே ஆவி படிஞ்சுரும்.

இப்ப வாரத்துக்கு ஒரு வீட்டுல இருக்கு. ஐப்பசி மழையில கண்ணாடிக்குள்ள பூஞ்சை பிடிச்சா அப்புறம் போகாது. அதனால செருப்புப் பெட்டியில வர்ற உப்புப் பொட்டலத்தையெல்லாம் சேத்து, ஒரு எவர்சில்வர் டப்பாவுல போட்டு, அதுக்குள்ளதான் வெக்கறோம். பொட்டலம் ஈரம் கோத்துட்டா நல்லாக் காயவெச்சு மறுபடி போட்டுக்கலாம்.