கெபியருகே நின்ற சிறுமி

எங்கள் பங்கின் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பள்ளி விட்டதும் ஆட்டோவில் ஏற மறுத்து, மாதா கெபியருகே நின்றுகொள்வாள். பிடிவாதம் என்றே கருதினோம். பெற்றோர் அடித்தனர், நாங்கள் அறிவுரை கூறினோம். ஒருநாள் தலைமையாசிரியையான அருட்சகோதரி அவளருகே தரையில் அமர்ந்து, "எதுக்குப் பயப்படுற, கண்ணு?" என்று கேட்டார். ஓட்டுநரின் நடத்தை அப்போதுதான் வெளிப்பட்டது.

"வெளியே தெரிந்தால் பள்ளியின் பெயர் என்னாவது?" என்றனர் பங்கில் சிலர். உள்ளதைச் சொன்னால், அந்த எண்ணம் எங்களுக்கும் எழாமலில்லை. சகோதரியோ அன்று மாலையே காவல்நிலையம் சென்றார். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இத்தகைய குற்றத்தை அறிந்தும் அறிவியாதிருப்பது தண்டனைக்குரியது. குருக்கள், துறவியர் மீதான புகார்களையும் மறைக்கலாகாது எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் ஆணையிட்டார்.

பெரியவர் சொல்வதைக் கேட்கவேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் ஆண்டுதோறும் கற்பித்தோம். பெரியவரிடமும் "வேண்டாம்" என்று சொல்லலாம் என ஒருநாளேனும் கற்பித்தோமா?

இப்போது வகுப்பறைதோறும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எழுதியிருக்கிறோம். சிறுமி பாட்டியுடன் நடந்தே வீடு செல்கிறாள். சில மாலைகளில் இன்னமும் கெபியருகே சற்று நிற்கிறாள். யாரும் அவளை அவசரப்படுத்துவதில்லை.