பனிக்கட்டியாற்றைப் பார்க்கப் போகும் தாய்மாருக்கு

கனடாவில் இருக்கும் பிள்ளைகளிடம் சில மாதங்கள் போய்த் தங்கிவரும் தாய்மார் எமது பிரதேசங்களில் பலர் இருக்கின்றார்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகள் சிலர் பெற்றோரை அலாஸ்காவுக்குக் கப்பலில் அழைத்துச் செல்வதும் உண்டு. "எனக்கேன் பிள்ளை இந்த வயதில் கப்பல்? அந்தக் காசை வீட்டுக்கு அனுப்பலாமே" என்றுதான் பெரும்பாலான தாய்மார் சொல்வார்கள். பயணம் என்றாலே மூட்டை முடிச்சோடு ஓடியதுதான் எங்களில் அநேகரின் ஞாபகத்துக்கு வருகிறது. ஒரு இடத்தைப் பார்ப்பதற்காக மட்டும் போய், மகிழ்ச்சியோடு திரும்பி வருவதும் பயணம்தான். அப்படியொரு வாய்ப்பு வந்தால் பயமில்லாமல் போய்வருவதற்கு வேண்டிய விடயங்களையும், அந்தக் கரைகளில் வாழும் மக்களின் கதையையும் இங்கே தருகின்றேன். போக வாய்ப்பில்லாதவர்களுக்கும் அந்த மக்களின் கதை பயன்படும்.

எங்கே இருக்கிறது?

அலாஸ்கா அமெரிக்காவின் மாநிலங்களில் ஒன்று. ஆனால் இடையில் கனடா இருப்பதால் மற்றைய மாநிலங்களோடு ஒட்டாமல் வடமேற்கு மூலையில் தனியே கிடக்கிறது. கனடாவின் வன்கூவரிலிருந்தோ அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்தோ கப்பல்கள் புறப்படுகின்றன. போய்த் திரும்புவதற்குப் பெரும்பாலும் 7 இரவுகள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரைதான் கப்பல்கள் ஓடும். மே மாதத்தில் மழை குறைவு. ஜூன், ஜூலையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். செப்ரெம்பரில் மழை அதிகம்.

வழியின் பெரும்பகுதி தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட கடல். ஆகவே அலை குறைவு. திறந்த கடலைக் கடக்கும் சில மணித்தியாலங்களில் மட்டும் தலைச்சுற்று வரலாம். அதற்கான குளிசையை முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

புறப்படுமுன்

• பிள்ளைகள் கனடியப் பிரசைகளாக இருந்தால் அவர்களுக்கு அமெரிக்க விசா தேவையில்லை. இலங்கைக் கடவுச்சீட்டோடு போகும் உங்களுக்கு அது தேவை. வன்கூவரில் கப்பல் ஏறும்போதே அமெரிக்க அதிகாரிகள் கடவுச்சீட்டைப் பார்ப்பார்கள். கனடாவுக்குள் திரும்பி வர உங்கள் கனடிய விசா இடந்தருமா என்பதையும் பணம் கட்டுமுன் உறுதி செய்யவேண்டும். சீருடை அணிந்தவர் கேள்வி கேட்டால் சிலருக்கு நெஞ்சு படபடக்கும். அவர்கள் கேட்பது எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், யாரோடு என்பவைதான். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாகப் பதில் சொல்லுங்கள்.

• அறைக்கட்டணம் இரண்டு பேருக்கென்றே கணக்கிடப்படுகிறது. தனியே ஒரு அறை எடுத்தால் ஏறக்குறைய இரட்டிப்புக் கட்டணம். மகளோடோ சகோதரியோடோ சேர்ந்து தங்குவது இலாபம்.

• யன்னல் இல்லாத உள்ளறைதான் ஆகக் குறைந்த விலை. ஆனால் வெளிச்சத்தை அணைத்தால் அது முழு இருட்டு. பதுங்குகுழியில் நாட்களைக் கழித்தவர்களுக்கு அந்த அறையில் நித்திரை வராமல் போகலாம். அப்படியானவர்கள் பிள்ளைகளிடம் கூச்சப்படாமல் சொல்லி, யன்னல் உள்ள அறையைக் கேளுங்கள்.

• பொதுவான சாப்பாட்டு மண்டபத்தில் ஒவ்வொரு வேளையும் காசு கொடுக்கத் தேவையில்லை. மரக்கறி உணவு வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடவேண்டும். ஊழியர்களுக்கான அன்பளிப்பு என்று ஆளுக்கு நாளொன்றுக்குப் பதினைந்து, இருபது டொலர் வரை கணக்கில் தானாகவே சேர்வதுண்டு. இதையும் முதலே கணக்குப் பாருங்கள்.

• சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் மருந்துகளைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்திருக்கவேண்டும். கப்பலில் வைத்தியர் இருப்பார். ஆனால் கட்டணம் மிக அதிகம். பயணக் காப்புறுதி இல்லாமல் ஏறவேண்டாம்.

• நடுக்கடலில் கைத்தொலைபேசி கப்பலின் வலையமைப்போடு இணைந்தால் கட்டணம் ஏறிவிடும். விமானத்தில் செய்வதுபோல அதை நிறுத்தி வைத்து, கரையில் இறங்கியபின் பேசுங்கள்.

உடுப்பு

கோடையில் ஜூனோ நகரில் பகல் வெப்பநிலை 15 முதல் 18 பாகை செல்சியஸ் வரை இருக்கும். நுவரெலியாக் குளிர் என்று நினைத்துக்கொள்ளலாம். பனிக்கட்டிக்கு அருகில் காற்று இதைவிடக் கடுமை. ஒரு பெரிய தடித்த கோட்டைவிட மூன்று அடுக்கு உடுப்பே சிறந்தது: உடலோடு ஒட்டிய மெல்லிய உள்ளாடை, அதன்மேல் கம்பளிச் சட்டை, அதற்கும் மேலே மழை புகாத ஜக்கற். வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். தொப்பி, கையுறை, கம்பளிக் காலுறை, வழுக்காத சப்பாத்து ஆகியவை கட்டாயம். காற்று அதிகமாகையால் குடை பயன்படாது. சேலைதான் உடுப்பேன் என்பவர்கள் கப்பலுக்குள் தாராளமாக உடுக்கலாம். வெளித்தளத்தில் சேலைக்கரை நனைந்து காலைத் தடுக்கும். அங்கே பஞ்சாபியும் காற்சட்டையும் பாதுகாப்பானவை.

சத்தங்களைப் பற்றி

இதைக் கட்டாயம் எழுதவேண்டும் என்று நினைத்தேன். கப்பல் புறப்படும் நாளில் எல்லோருக்கும் ஆபத்துக்காலப் பயிற்சி நடைபெறும். ஏழு தடவை குறுகிய ஊதலும், பின் ஒரு நீண்ட ஊதலும் கேட்கும். அது வெறும் பயிற்சி. பனிக்கட்டியாற்றின் முன்னால் நிற்கும்போது இன்னொரு சத்தம் கேட்கும். பனிச்சுவர் வெடித்துக் கடலில் விழும் சத்தம் அது. அந்த மண்ணின் கிளிங்கிற் மக்கள் இதனை "வெள்ளை இடி" என்பார்களாம். எங்கள் காதுக்கு அது தூரத்தில் ஷெல் விழுந்ததுபோல இருக்கலாம். முதலே தெரிந்திருந்தால் பயம் குறையும். தாங்கமுடியாவிட்டால் உள்ளே வந்து கண்ணாடி வழியாகப் பாருங்கள். அது ஒரு குறையல்ல. பிள்ளைகளும் இதை அறிந்திருந்து, "அம்மா, இப்போது விழப்போகிறது" என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் நிற்பது நல்லது.

கிளேசியர் குடா

மலையில் பெய்யும் பனி ஆண்டாண்டாகச் சேர்ந்து, தன் பாரத்தாலேயே இறுகிக் கட்டியாகி, மெல்ல மெல்லப் பள்ளத்தை நோக்கி நகர்கிறது. அதுவே பனிக்கட்டியாறு. இறுகிய கட்டி சூரிய ஒளியின் சிவப்பை உறிஞ்சிக்கொள்வதால் நீலமாகத் தெரிகிறது. இங்குள்ள மார்ஜரி பனிக்கட்டியாறு ஏறத்தாழ 34 கிலோமீற்றர் நீளமும், கடலோரத்தில் ஒன்றரைக் கிலோமீற்றர் அகலமும் கொண்டது. நீருக்கு மேலே 75 மீற்றர் அளவு உயரமாக நிற்கிறது. குடாவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கே அனுமதி. பூங்கா அதிகாரிகள் கப்பலில் ஏறி விளக்கம் சொல்வார்கள்.

இந்தக் குடா முன்பு கடல் அல்ல. புல்வெளியும் ஆறும் உள்ள பள்ளத்தாக்கு. அங்கே ஹூனா கிளிங்கிற் மக்களின் ஊர்கள் இருந்தன. 1700களில் பனிக்கட்டியாறு வேகமாக முன்னேறி ஊர்களை அழித்தது. காஸ்தீன் என்ற பெண் ஊரைவிட்டுப் போக மறுத்து வீட்டிலேயே தங்கிவிட்டாள் என்றும், பனி அவளை மூடியது என்றும் அம்மக்களின் வாய்மொழிக் கதை சொல்கிறது. மற்றவர்கள் வள்ளங்களில் ஏறிப் போனார்கள். எதிர்க்கரையில் ஹூனா என்ற ஊர் உருவாகியது.

1794 இல் வன்கூவரின் கடற்படைக் குழு வந்தபோது குடாவின் வாசல்வரை பனியே இருந்தது. அதன்பின் பனி பின்வாங்கத் தொடங்கியது. 1916 அளவில் அது 100 கிலோமீற்றர் உள்ளே போய்விட்டது. பனி விட்டுப்போன தங்கள் பழைய நிலத்துக்கு மக்கள் மீன்பிடிக்கவும், பழம் பறிக்கவும், கடற்பறவை முட்டை எடுக்கவும் திரும்பி வந்தார்கள். ஆனால் 1925 இல் அரசாங்கம் அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக்கியது. காலப்போக்கில் வேட்டையும் முட்டை சேகரிப்பும் தடுக்கப்பட்டன. தங்கள் பாட்டன் பாட்டி வாழ்ந்த நிலத்திலேயே அம்மக்கள் அந்நியரானார்கள்.

நீண்டகாலப் பேச்சுவார்த்தையின் பின்னர் 2014 இல் முட்டை சேகரிக்கும் உரிமையைச் சட்டம் மீண்டும் அனுமதித்தது. 2016 ஆகஸ்ட் மாதத்தில் குடாவின் வாசலருகே பார்ட்லெற் கோவ் என்னும் இடத்தில் அவர்களுடைய மூதாதையர் நினைவாக ஒரு பொதுவீடு திறக்கப்பட்டது. அந்த மக்களின் அமைப்பும் பூங்காத் திணைக்களமும் சேர்ந்தே அதனை அமைத்தன. 2018 இல் அருகே ஒரு மரத்தூணும் நாட்டப்பட்டது. நடந்த கொடுமையையும் பின்னர் வந்த இணக்கத்தையும் சேர்த்தே அதில் செதுக்கியிருக்கிறார்கள். நடந்ததை மறைக்காமல் செதுக்கியதே இணக்கத்துக்கு முதற்படி என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய கப்பல்கள் அங்கே நிற்பதில்லை. ஆனால் சில கப்பல்கள் ஹூனா ஊரில் நிற்கும். அங்குள்ள துறையை நடத்துவது அம்மக்களுக்குச் சொந்தமான நிறுவனமே.

கரையில் இறங்கும்போது

கெச்சிக்கன்: மழைக்குப் பெயர்போன ஊர். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. ஊருக்குத் தெற்கே சில கிலோமீற்றர் தூரத்தில் சாக்ஸ்மன் கிராமம். செதுக்கிய உயரமான மரத்தூண்களை அங்கே பார்க்கலாம். அவை வணங்கும் சிலைகளல்ல. குடும்பத்தின் வரலாறு, இறந்தவரின் நினைவு, சில வேளைகளில் திருப்பித் தராத கடன் கூட அவற்றில் செதுக்கப்படும். நகரப் பேருந்திலேயே போகலாம்.

ஜூனோ: அலாஸ்காவின் தலைநகர். வெளியூருக்கு வீதி இல்லை. கப்பலிலோ விமானத்திலோதான் வரமுடியும். மெண்டன்ஹோல் பனிக்கட்டியாறு நகரிலிருந்து 20 கிலோமீற்றர் தூரத்துக்குள் இருக்கிறது. ஹெலிகொப்டரில் ஏறிப் பனிமேல் இறங்கப் பல நூறு டொலர் வேண்டும். பஸ்ஸில் போய்ப் பார்ப்பதற்கு அவ்வளவு செலவில்லை. கால் நோவுள்ளவர்களுக்குத் தட்டையான குறுகிய பாதை உண்டு. நடக்கக்கூடியவர்கள் ஒன்றரைக் கிலோமீற்றர் போனால் நகெற் நீர்வீழ்ச்சியின் அடிக்கே போகலாம். கரடிகள் நடமாடுவதால் சாப்பாடு கொண்டுபோகக்கூடாது.

ஜூனோவின் கடற்கரைக் கட்டடமொன்றின் சுவரில் எலிசபெத் பெராட்ரோவிச் என்ற கிளிங்கிற் பெண்ணின் பெரிய ஓவியம் இருக்கிறது. அந்தக் காலத்தில் சுதேச மக்களுக்கு அனுமதியில்லை என்று கடைகளில் பலகை தொங்கியது. அதற்கு எதிரான சட்டமூலம் 1943 இல் தோற்றது. 1945 இல் அவர் சட்டசபையில் எழுந்து பேசினார். அதே ஆண்டு பெப்ரவரி 16 இல் சட்டம் கையெழுத்தானது. அமெரிக்கா முழுவதற்குமான சிவில் உரிமைச் சட்டம் வந்தது 1964 இல்தான். 2020 இல் அவருடைய உருவத்தோடு ஒரு டொலர் நாணயமும் வெளியிடப்பட்டது.

ஸ்கக்வே: 1898 இல் தங்கம் தேடி வந்தவர்களின் ஊர். 1900 இல் முடிக்கப்பட்ட மலைப் புகையிரதம் 32 கிலோமீற்றர் தூரத்தில் 870 மீற்றர் வரை ஏறுகிறது. இருந்தபடியே எல்லாவற்றையும் பார்க்கலாமாதலால் வயதானவர்களுக்கு ஏற்றது. சில பயணங்கள் கனடா எல்லைக்குள் போவதால் கடவுச்சீட்டை மறக்கவேண்டாம்.

கப்பல் மூலம் பதிவு செய்த சுற்றுலா பிந்தினால் கப்பல் காத்திருக்கும். தனியே போனவருக்குக் காத்திராது. அலாஸ்கா நேரம் வன்கூவரைவிட ஒரு மணித்தியாலம் பின்னால். கப்பல் நேரத்தையே பார்த்து, ஒரு மணித்தியாலம் முன்னதாகத் திரும்புங்கள்.

சுற்றுலாப் படங்களில் இல்லாத ஒரு கரை

ஜூனோவுக்கு அருகே ஃபன்ரர் குடா இருக்கிறது. 1942 ஜூன் மாதத்தில் யப்பான் அலூசியன் தீவுகளைத் தாக்கியபோது, உனாங்கன் மக்கள் 881 பேரை அமெரிக்க அரசாங்கம் ஊர்களிலிருந்து அவசரமாக ஏற்றிவந்து, இந்தப் பகுதியிலுள்ள கைவிடப்பட்ட மீன் தொழிற்சாலைகளிலும் பழைய முகாம்களிலும் விட்டது. நல்ல தண்ணீரில்லை, மலசலகூடமில்லை, வைத்தியமில்லை. பத்துப் பேருக்கு ஒருவர் என்ற அளவில் இறந்தார்கள். அந்த ஒக்டோபரில் ஃபன்ரர் குடாவில் இருந்த 49 பெண்கள் தங்கள் நிலைமையை எழுதிக் கையெழுத்திட்டு அதிகாரிகளுக்கு மனுக் கொடுத்தார்கள். ஊர் திரும்பியபோது வீடுகள் சூறையாடப்பட்டிருந்தன. 1988 இல்தான் அரசாங்கம் சட்டமூலம் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 12,000 டொலர் நட்டஈடு வழங்கியது. பெண்கள் எழுதிவைத்த அந்த மனு இன்றும் சாட்சியாக இருக்கிறது.

சகோதரிகளே, மனு எழுதுவதும், காணாமற்போனதைப் பதிவதும், காணிக்காகக் கச்சேரிப் படி ஏறுவதும் உங்களில் பலருக்குப் பழகிப்போன வேலை. பலன் வருமா என்ற களைப்பும் பழகியதே. அந்தக் குளிர்ந்த கரைகளில் 49 பெண்களின் கையெழுத்துக்குப் பதில் வர 46 ஆண்டுகள் எடுத்தன. ஹூனா மக்கள் தங்கள் மண்ணில் மீண்டும் ஒரு வீடு கட்ட இரண்டரை நூற்றாண்டு சென்றது. இவ்வளவு தாமதம் நியாயமல்ல. ஆனால் பதிவு இருந்ததனால்தான் பதிலும் வந்தது. ஆகவே உங்கள் மனுக்களின் பிரதிகளைத் திகதியிட்டுப் பத்திரமாக வையுங்கள். பிள்ளைகள் கப்பலுக்கு அழைத்தால், காசைச் சொல்லித் தட்டிக்கழிக்காமல் ஒருமுறை போய்வாருங்கள். திரும்பி வந்து, பனியைப் பற்றியும் அந்தப் பெண்களைப் பற்றியும் பக்கத்து வீட்டாருக்குச் சொல்லுங்கள்.