பேலியகொடையிலிருந்து நரிக்குன்றுக்கு

பேலியகொடை விடியும் முன்பே விழித்துவிடும். களனி கங்கையின் வடகரையில் இருக்கும் மீன் சந்தைக்கு நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் லொறிகள் வந்து சேரும். சந்தையைத் தாண்டி, கண்டி வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஒரு ஒழுங்கையில், தகரக் கூரை போட்ட கராஜ் ஒன்று இருக்கிறது. வெள்ளவத்தைக்காரனான நான் அங்கே போனது ஒரு மண் தடப் பந்தயக் காரைப் பார்க்க. பழைய ஃபோர்ட் லேசர், 1300 சீசீ. இருக்கைகள், கதவின் உள்பலகை, கம்பளம் எல்லாவற்றையும் கழற்றி எறிந்திருந்தார்கள். மிஞ்சிய கூட்டுக்குள் இரும்புக் குழாய்களால் ஒரு கூண்டு. கார் குட்டிக்கரணம் போட்டாலும் ஓட்டுநரின் தலைக்கு மேல் கூரை நசுங்காமல் காப்பது அந்தக் கூண்டுதான். கராஜ் சொந்தக்காரர், அந்த வீட்டின் அப்பா, ஒவ்வொரு வெல்டிங் மூட்டையும் சிறு சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அணி முழுக்க அந்த ஒரே குடும்பம். அப்பா எஞ்சின் வேலை. மூத்த மகளான அக்கா கணக்கும் குறிப்புப் புத்தகமும். தாய்மாமன் லொறி ஓட்டுவார். சாப்பாடும் மருந்துப் பெட்டியும் அம்மாவின் பொறுப்பு. இளைய மகனான தம்பி கார் ஓட்டுவான். வேறு ஆள் கிடையாது. வாரம் முழுக்க மற்றவர்களின் வான்களைத் திருத்திச் சேர்த்த காசு டயரிலும் பெற்றோலிலும் போகிறது. அந்த ஓட்டப் பருவம் முழுக்க அவர்களோடு போக எனக்கும் லொறியில் ஓர் இடம் கிடைத்தது.

இலங்கையில் மண் தடக் கார் ஓட்டத்தை ‘சூப்பர்குரொஸ்’ என்பார்கள். மோட்டார் சைக்கிளும் காரும் ஒரே நாளில், ஒரே தடத்தில் மாறி மாறி ஓடும். பெரும்பாலான தடங்கள் இராணுவ நிலத்தில் இருக்கின்றன. அநுராதபுரம் சாலியபுரவில் கஜபா, மின்னேரியாவில் கன்னர்ஸ், தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில். சீகிரியாவில் விமானப்படையும் ஓர் ஓட்டம் நடத்தியிருக்கிறது. போரைக் கண்ட என் தலைமுறைத் தமிழருக்கு இராணுவ முகாம் வாசல் என்றால் நெஞ்சுக்குள் ஏதோ இறுகும். அந்த வாசலில் ஒரு தமிழ்க் குடும்பம் காரை இறக்கி, பக்கத்துக் கராஜ்காரர்களோடு சிங்களத்தில் ஸ்பானர் கடன் கேட்டு, அவர்களுக்கே சோற்றுப் பார்சல் நீட்டியதை முதல் தடவை பார்த்தபோது, அந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. பழைய நினைவுகள் அழிந்துவிடவில்லை. அவற்றின் பக்கத்தில் இன்னொரு நினைவும் வந்து உட்கார்ந்துகொண்டது.

தியத்தலாவைக்கு நாங்கள் போனது கொரோனாவுக்கு முந்தைய ஒரு சித்திரையில். அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை தாண்டி பெரகலையில் லொறி மலையேறத் தொடங்கியது. ஹப்புத்தளையில் தெற்குப் பக்கம் நிலமே இல்லாததுபோல் சரிந்து இறங்க, அடிவாரச் சமவெளி வெண்புகைக்குள் கிடந்தது. அதைக் கடந்தால் புல்மேடுகளும் யூக்கலிப்டஸும் சூழ்ந்த தியத்தலாவை. 1900இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகள் ஏறத்தாழ ஐயாயிரம் பேரைப் பிரித்தானியர் அடைத்து வைத்த ஊர் இது. ‘ஃபொக்ஸ்’ என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் குன்றின் சரிவில் வெள்ளைக் கற்களால் ஒரு நரியின் உருவத்தை வரைந்துவிட்டுப் போனார்கள். அதுவே குன்றுக்குப் பெயராயிற்று. கீழே தடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் அந்த நரி பச்சைப் புல்லில் இன்னும் நிற்கிறது.

இத்தனை அழகுக்கு நடுவிலும் அக்கா குனிந்து மண்ணைத்தான் பார்த்தாள். தடத்தோரம் ஒரு பிடி அள்ளி, தண்ணீர் தெளித்து, பிட்டுக்கு மா குழைப்பதுபோல் உள்ளங்கையில் உருட்டினாள். பிடித்தால் பிடிபட்டு, விட்டால் உதிர்ந்தது. புத்தகத்தில் ஏதோ எழுதிவிட்டுச் சொன்னாள்:

“தம்பி, இது சாலியபுர மண் இல்ல. காலையில பிடிக்கும், வெயில் ஏறினா வழுக்கும். ரெண்டாவது ஓட்டத்துக்குக் காத்து குறைக்க வேணும்.”

அப்பா மறுபேச்சுப் பேசாமல் காற்றமுக்க மானியை எடுத்தார்.

சாலியபுரவிலும் மின்னேரியாவிலும் வறண்ட வலயத்தின் செங்கபில மண். ஈரத்தில் ஒட்டும், காய்ந்தால் ஓடுபோல இறுகி மேலே தூசை மட்டும் எழுப்பும். மலைநாட்டில் மழை காலங்காலமாய்க் கழுவிய செம்மஞ்சள் மண், களி கூடியது. காலையில் பவுசர் தண்ணீர் அடித்துப் போகும்போது தடம் பஞ்சாக இருக்கும். நாலைந்து ஓட்டம் முடிவதற்குள் கார்கள் திரும்பத் திரும்ப மிதித்த கோடு பளபளவென்று மெருகேறிவிடும். அந்த மெருகில் டயருக்குப் பிடி கிடையாது. நல்ல ஓட்டுநர் கோட்டை விட்டு அரை அடி வெளியே, இன்னும் உதிரியாகக் கிடக்கும் மண்ணைத் தேடுவான். காலையில் வென்ற வழி மாலையில் தோற்கடிக்கும்.

தம்பியின் ஓட்டத்தை ஒரு வளைவுக்கு எதிரே, மண்மேட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். முன்சக்கரங்களால் இழுபடும் கார் அது. வளைவுக்கு முன்பே இடது காலால் பிரேக்கைத் தொட்டான். பின்பக்கம் விலகி வெளியே வழுக்கியது. காரின் மூக்கு உள்ளே திரும்பியிருக்க, சக்கரங்கள் எதிர்ப்பக்கம் பார்த்தன. பார்க்கிறவனுக்குக் கட்டுப்பாடு போய்விட்டதாகத் தோன்றும் அந்த நொடியில்தான் அவன் வலது காலை இன்னும் அழுத்தினான். முன்சக்கரங்கள் காரை இழுத்து நேராக்கின. அடுத்தது மேடு. உச்சியில் காலை எடுத்தால் மூக்கு குத்தும். எடுக்கவில்லை. நாலு சக்கரமும் நிலத்தை விட்டன. மறுபக்கம் இறங்கிய சத்தத்தில் என் நெஞ்சு அதிர்ந்தது. ரேடியேட்டரில் களி அப்பிச் சூடேற, கடைசிச் சுற்றில் இரண்டு கார்கள் அவனைத் தாண்டின. வந்து நின்றதும் பேச்சே இல்லை. மாமா தண்ணீர் அடித்தார், அப்பா பொனட்டைத் திறந்தார், அக்கா புத்தகத்தைத் திறந்தாள்.

உலகம் முழுக்க இந்த விளையாட்டைக் குடும்பங்களே சுமந்திருக்கின்றன. அமெரிக்காவில் 1948இல் நாஸ்கார் அமைப்பு தோன்றியபோது அதன் ஓட்டங்களில் பெரும்பாலானவை மண் தடங்களில்தான். வட கரோலினாவின் பெட்டி குடும்பத்தில் தந்தை லீ, 1959இல் முதலாவது டேட்டோனா 500ஐ வென்றார். மகன் ரிச்சர்ட் 200 ஓட்டங்களையும் ஏழு சாம்பியன் பட்டங்களையும் வென்றார். எஞ்சின் கட்டியது தம்பி மோரிஸ், அணியை நடத்தியது உறவினர் டேல் இன்மன். 1970இல் அந்தத் தொடர் மண்ணை விட்டுப் போனபோது, அப்போதைய கடைசி மண் ஓட்டத்தை வென்றவரும் ரிச்சர்ட்தான். பணத்திலும் புகழிலும் அவர்களுக்கும் பேலியகொடைக்கும் ஒப்பே இல்லை. ஆனால் வீட்டார் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் விதம் ஒன்றுதான். பெயர் ஓட்டுநருக்கு வரும், வெற்றி வீட்டில் உருவாகும்.

2024 ஏப்ரல் 21ஆம் திகதி, நாங்கள் போயிருந்த அதே ஃபொக்ஸ் ஹில்லில், ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு நடந்த ஓட்டத்தில், ஒரு கார் தடத்தை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அன்று மாலை நான் பேலியகொடைக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்பாதான் பேசினார். “காருக்குள்ள இருக்கிறவனுக்குக் கூண்டு செய்து குடுத்தோம். வெளியில நிக்கிற பிள்ளைக்கு என்ன செய்தோம்?” என்றார்.

அவர் கேள்வி சரியானது. மண்ணில் வழுக்கும் கார் எந்தப் பக்கம் போகும் என்பதை எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராலும் முழுதாகச் சொல்ல முடியாது. இந்த ஓட்டத்தின் அழகு அதில் இருக்கிறது, ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. ஆகவே பார்வையாளரின் தூரத்தைக் கூட்டத்தின் ஆர்வத்திடம் விடக் கூடாது. வளைவின் வெளிப்புறத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது, தடுப்பு மேடு ஆள் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும், ஒரு கார் புரண்ட கணமே சிவப்புக் கொடி உயர வேண்டும். தடம் யாருடையதாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுப்பு கூடாது.

இந்த விளையாட்டு அழிந்துபோக வேண்டாம் என்றுதான் இதை வலியுறுத்துகிறேன். பெரிய கம்பனியின் பணம் இல்லாமல், ஒரு வீட்டின் கையும் காதும் கண்ணும் சேர்ந்து ஒரு பழைய காரை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்பதை நான் அங்கே கண்டேன். மண்ணை உருட்டிப் பார்த்துச் சக்கரத்தின் காற்றைத் தீர்மானிக்கும் அறிவு எந்தப் பாடசாலையிலும் கற்பிக்கப்படுவதில்லை. அந்த அறிவு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போக ஒரு தடம் வேண்டும். பார்க்க வரும் ஒவ்வொரு பிள்ளையும் பத்திரமாக வீடு திரும்பும் தடமாக அது இருக்க வேண்டும்.