அம்மா படித்த நூற்று நாற்பது

போன சித்திரையில் ஒரு நாள் திண்டிவனத்திலிருந்து அம்மா போன் செய்தாள். "சுகர் ரிசல்ட் வந்துடுச்சுடி. சாப்பிட்டப்புறம் பார்த்தது நூத்தி நாப்பதுதான்!" என்றாள். விழுப்புரத்தில் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மாசக் கணக்கில் இருநூற்றைம்பதுக்குக் கீழே இறங்காத சர்க்கரை ஆயிற்றே! "பார்த்தியா, நான் சொன்ன வெந்தயத் தண்ணி வேலை செய்யுது!" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து பஸ் ஏறிப் போனேன். அம்மா கூடத்தில் சுருண்டு படுத்திருந்தாள். நாக்கு வறட்சி, தலை சுற்றல், ராத்திரியில் நாலைந்து தரம் எழுந்து போக வேண்டியிருக்கிறதாம். அடுக்களையில் ஒரு கிண்ணம் நிறைய பண்ருட்டிப் பலாச்சுளை!

"என்னம்மா இது?"

"அதான் சுகர் இறங்கிடுச்சே! ராத்திரி மாத்திரையையும் நிறுத்திட்டேன்."

எனக்கு எங்கேயோ உறுத்தியது. அம்மாவின் போனை வாங்கிப் பார்த்தேன். தம்பி உபயோகித்துவிட்டுக் கொடுத்த சின்ன போன். பரிசோதனை நிலையத்தார் காகிதத்தில் அச்சடிக்கிற ரிப்போர்ட்டை அப்படியே அதில் அனுப்பியிருந்தார்கள். முழுப் பக்கமாகப் பார்த்தால் எழுத்தெல்லாம் எள்ளைத் தூவின மாதிரி இருந்தது. அம்மா விரலால் பெரிதாக்கியிருக்கிறாள். பெரிதானதும் வலது ஓரம் மட்டும் திரையில் நின்றுவிட்டது. அங்கே 70 - 100, அதற்கு அடியில் 140-க்குக் கீழ் என்று இருந்தது. பக்கத்தை மெல்ல நகர்த்தினேன். மறைந்திருந்த கட்டத்தில், 'சாப்பிட்ட பின்' என்பதற்கு நேரே 286!

அம்மா படித்தது தன் சர்க்கரையை அல்ல. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு இருக்க வேண்டிய அளவை.

அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போனேன். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியிருந்திருக்கும்" என்றார். மாத்திரை மறுபடி ஆரம்பமாயிற்று. திரும்பி வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன். அம்மாவுக்காவது கண் மங்கல். 'அந்த ரிப்போர்ட்டை எனக்கும் அனுப்பும்மா' என்று ஒரு வார்த்தை கேட்க எனக்கு என்ன கேடு?

கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் தம்பி மகன் லீவில் வந்தபோது அவனிடம் சொன்னேன். "தப்பு பாட்டி மேல இல்லை அத்தை. அந்த ரிப்போர்ட் 21 சென்டிமீட்டர் அகலக் காகிதத்துக்காகச் செஞ்சது. பாட்டி போன் ஏழு சென்டிமீட்டர்கூட இருக்காது. மூணுல ஒரு பங்கு இடத்துல அதைத் திணிச்சா என்ன ஆகும்?" என்றான்.

நான் எனக்குப் புரிகிற விதத்தில் எடுத்துக்கொண்டேன். ரெடிமேட் ரவிக்கை ஓர் அளவுக்குத்தான் பொருந்தும். புடவை அப்படியா? ஒல்லியோ குண்டோ, கட்டுகிறவளுக்கு ஏற்றபடி கொசுவத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். போனில் வருகிற பக்கமும் புடவை மாதிரி இருக்க வேண்டும். திரை சின்னதானால் வரிகள் மடங்கி ஒன்றன்கீழ் ஒன்றாக வர வேண்டும். இந்த முறைக்குப் பெயர் வைத்து ஈதன் மார்காட் என்ற அமெரிக்கர் 2010-லேயே கட்டுரை எழுதிவிட்டாராம். எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் எந்த விஷயமும் மறையக் கூடாது என்று இணையப் பக்கங்களுக்கு உலக அளவில் 2008-லேயே விதிமுறை வகுத்திருக்கிறார்களாம். வெள்ளைத் தாளில் வெளிறின சாம்பல் எழுத்தும் கூடாதாம்.

நம் தமிழுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இங்கிலீஷில் 'பே' என்று முடிவது நமக்குப் 'பணம் செலுத்துக' என்று நீளும். பொத்தானுக்குள் அடங்காமல் 'பணம் செலு...' என்று நின்றுவிடும். கீ, கூ, ழு என்று மேலும் கீழும் நீளும் எழுத்துகள் நமக்கு அதிகம். வரிகளுக்கு நடுவே இடம் விடாவிட்டால் மேல் வரியின் கால் கீழ் வரியின் தலையில் இடிக்கும்.

அம்மா பள்ளிக்கூடத்தில் படித்தபோது 'லை', 'னை' எல்லாம் யானைத் தும்பிக்கை போட்ட எழுத்துகள். பெரியார் 1935-லேயே தம் பத்திரிகையில் கையாண்ட சீர்திருத்தத்தை 1978-ல் தமிழக அரசு ஏற்றதும் அவை போயின. கற்கவும் அச்சுக் கோக்கவும் எளிதாக இருக்கட்டும் என்று எழுத்தையே மாற்றிக்கொண்டவர்கள் நாம். கண் மங்கியவர்களுக்காகப் பக்கத்தை மாற்ற மாட்டோமா?

அது நடக்கும்போது நடக்கட்டும். அதுவரை வீட்டில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. நாற்பதைத் தாண்டினால் நமக்கே வெள்ளெழுத்துதான். பெரியவர்களின் போனில் 'செட்டிங்ஸ்', 'டிஸ்ப்ளே' என்று போய் எழுத்தைப் பெரிதாக்கி வையுங்கள். அதோடு விட்டுவிடாமல், அவர்கள் தினமும் பார்க்கிற பக்கங்களைத் திறந்து, ஏதாவது அறுபட்டு நிற்கிறதா என்று பாருங்கள். அகலமான ரிப்போர்ட் வந்தால், திரை தானாகத் திரும்பும் வசதியைப் போட்டுவிட்டு, போனைப் படுக்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணை மட்டும் கேட்காமல், "எந்த டெஸ்ட், உன் அளவு எது, இருக்க வேண்டிய அளவு எது?" என்று மூன்றையும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த விடாதீர்கள்.

அடுத்த முறை அம்மா டெஸ்டுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். "ரிப்போர்ட்டோட, இவங்க அளவை மட்டும் ரெண்டு வரியில மெசேஜா அனுப்ப முடியுமா?" என்று கேட்டேன். அங்கிருந்த பெண், "அதுக்கென்னம்மா, அனுப்பறேன்" என்றாள். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லையாம்!

சாயந்திரம் மெசேஜ் வந்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். "சாப்பிட்ட பின் நூத்தி அறுபத்தெட்டு. இது என்னோடதுதானே?"

"உன்னோடதுதாம்மா."

"அப்போ பலாச்சுளை?"

"அதைப் பத்தி மெசேஜ்ல ஒண்ணும் இல்லைம்மா" என்றேன்.