கோலிக்குண்டும் குறியெண் புத்தகமும்

எனிக்மா என்றொரு கணினி விளையாட்டு. திரையில் ஒரு கருநிறக் கோலிக்குண்டு. அதைச் சுட்டியால் உருட்டிச் சென்று, மூடிக்கிடக்கும் கற்களின்மீது மோதித் திறந்து, ஒரே நிறக் கற்களை இணை இணையாக வெளிப்படுத்த வேண்டும். விதி அவ்வளவே. ஆனால் குண்டுக்கு உந்தம் உண்டு. கையை நிறுத்தினாலும் அது உடனே நிற்பதில்லை. பனித்தரையில் வழுக்கும், சரிவில் தானே உருளும், பாதாளத்தில் விழுந்தால் போயிற்று. சில கட்டங்களில் இரண்டு குண்டுகளை ஒரே கையசைவால் நடத்த வேண்டும். நியூட்டனின் முதல் விதியைக் கற்பிக்க இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை.

இதன் முதன்மை முன்னோடி, 1990இல் ஜெர்மனியின் டாங்கிள்வேர் நிறுவனம் அட்டாரி எஸ்டி கணினிக்கு வெளியிட்ட ஆக்சிட். அதன் விற்பனை முறை விசித்திரமானது. வட்டை எவரும் படியெடுத்துப் பகிரலாம். ஆனால் தொடக்கக் கட்டங்களைக் கடந்ததும் விளையாட்டு ஒரு குறியெண்ணைக் கேட்கும். அந்த எண்கள் விலைக்கு விற்ற ஓர் அச்சுப் புத்தகத்தில் இருந்தன. டாங்கிள் என்றால் கணினியில் செருகும் வன்பொருட் சாவி. இங்கே புத்தகமே சாவி. நாணயமான வணிகந்தான், மறுக்கவில்லை. ஆயினும் புத்தகம் தொலைந்தவனுக்குக் கட்டங்கள் வட்டிலேயே இருந்தும் இல்லை.

எனிக்மாவை எழுதியோர் அந்த இயக்கத்தைப் புதிதாகவே நிரலாக்கி, ஜிபிஎல் உரிமத்தில் பொதுவில் வைத்தனர். கட்டங்கள் லுவா மொழியில் எழுதப்பட்டவை; எவரும் படிக்கலாம், திருத்தலாம், புதிதாகச் சேர்க்கலாம். இன்று அவை ஆயிரத்துக்கும் மேல். பழைய ஆக்சிடின் தரவுக் கோப்புகள் கையில் இருந்தால் அவற்றின் கட்டங்களையும் இதில் ஆடலாம். என்னை ஈர்த்தது இந்தக் கடைசிச் செய்திதான்.

எங்கள் ஆய்வகத்தில் தாழ்வெப்பநிலை மின்தடையை அளக்கும் பழைய கருவி ஒன்று உண்டு. அதன் மென்பொருள் வன்பொருட் சாவியின்றித் திறக்காது. சாவி பழுதாகிவிட்டது, அந்தப் பதிப்புக்கு ஆதரவு இல்லை என்று தயாரிப்பாளர் எழுதிவிட்டார். மூன்று முனைவர் பட்ட ஆய்வுகளின் மூலத்தரவு அக்கருவிக்கே உரிய கோப்பு வடிவில் கிடக்கிறது. ஆய்வேடுகளில் வரைபடங்கள் உள்ளன, எண்கள் இல்லை. எனக்கு முன் இங்கே ஆய்வு செய்த அக்காவின் மாதிரிப் படிகங்களும் இப்போது இல்லை. என் இரண்டாம் இயலோ அவர் அளவீடுகளையே நம்பியிருக்கிறது.

ஆகவே சில வாரங்களாகக் கோப்புகளைப் பைட் பைட்டாகப் பிரித்து வருகிறேன். எந்தக் கோப்பு எந்த நாளின் அளவீடு என்பதை அக்கா தம் பழைய குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்கிறார். வெப்பநிலை நிரல் பிடிபட்டுவிட்டது. மின்தடை நிரல் இன்னும் அகப்படவில்லை. பைத்தானில் எழுதிய அரைகுறை நிரலையும் ஜிபிஎல் உரிமத்திலேயே பொதுவில் வைத்திருக்கிறேன். இத்தகைய கருவி உங்கள் துறையில் இன்னும் இயங்கினால், மதிப்பு முன்பே தெரிந்த ஒரு மின்தடையத்தை அளந்து, அந்தக் கோப்பை மட்டும் அனுப்புங்கள். ஒன்று போதும்.