மூன்று பட்டியலும் ஒரு குழாயும்

இருபது வருஷமாக மதுரையில் பிள்ளைகளுக்குக் குடிமையியல் போதித்து வருகிறேன். அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மத்திய சர்க்காருக்கு ஒரு பட்டியல், ராஜ்யங்களுக்கு ஒன்று, இருவருக்கும் பொதுவாக ஒன்று என மூன்று பட்டியல்கள் உண்டல்லவா? அவற்றைப் பாராமல் ஒப்பிப்பேன் என்பதில் எனக்குச் சற்றுக் கர்வம். சென்ற கோடை விடுமுறையில், ஆலப்புழைக் காயலில், அந்தக் கர்வம் கரைந்து போயிற்று.

குடும்பத்துடன் ஒரு படகு வீட்டில் சென்றுகொண்டிருந்தோம். மாலையில் என் மகள் பின்புறத்திலிருந்து ஓடி வந்தாள்.

"அப்பா! கழிப்பறைக் குழாய் நேரே தண்ணீரில் விழுகிறதே!"

எட்டிப் பார்த்தேன், உண்மைதான். சற்றுத் தூரத்தில் ஓர் அம்மாள் அதே நீரில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"இதைத் தடுக்க யாருக்கு அப்பா அதிகாரம்?"

வாத்தியாரிடம் கேட்டால் விடலாமா? தொடங்கினேன். இந்த வழி 1993-ல் தேசிய நீர்வழியாயிற்று. அது மத்தியப் பட்டியல். நீரும் சுகாதாரமும் ராஜ்யப் பட்டியல். உள்நாட்டு நீரில் இயந்திரப் படகு ஓடுவது பொதுப் பட்டியல். 1974-ஆம் வருஷத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தைச் செய்தது பார்லிமெண்டு. இங்கே அதை அமல் நடத்துவது ராஜ்யத்தின் வாரியம். 2021-ஆம் வருஷத்து உள்நாட்டுக் கப்பல்கள் சட்டப்படி தரத்தை வகுப்பது மத்திய சர்க்கார்; படகைச் சோதித்துச் சான்றிதழ் தருவது ராஜ்ய அதிகாரிகள்.

"இத்தனை பேர் இருந்துமா?" என்றாள்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். சர்க்கார் இரண்டுபட்டால் குழாய்க்குக் கொண்டாட்டம் போலும். படகோட்டியைக் கேட்டேன். "தொட்டி இருக்கிறது, ஸார். நிறைந்தால் கரைக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். நேரமும் பணமும் யார் கொடுப்பது?" என்றார் அவர்.

ஊர் திரும்பிய மறுநாள் வைகைப் பாலத்தில் நின்றேன். இங்கே படகு இல்லை. சாக்கடை மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு ராஜ்ய இலாகாவின் பொறுப்பு, சாக்கடை மாநகராட்சியின் பொறுப்பு, மாசு வாரியத்தின் பொறுப்பு என்று மனம் பழக்கப்படி ஒப்பிக்கத் தொடங்கியது. நடுவில் ஒரு நினைவு சுருக்கென்று தைத்தது. என் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது? பாதாளச் சாக்கடையில் இணைக்கச் செலவாகுமே என்று, பல வருஷமாகத் தெருவின் மழைநீர்க் கால்வாயில்தான் விட்டிருக்கிறேன். அந்தக் கால்வாய் சேருமிடம் வைகை. படகோட்டி கேட்ட கேள்வியைத்தான் நானும் இத்தனை காலம் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாளே இணைப்புக்கு மனுக் கொடுத்துப் பணமும் கட்டினேன். வைகை இதனால் சுத்தமாகிவிடாது என்பது தெரியும். ஆயினும், அடுத்த வருஷம் அந்த மூன்று பட்டியலையும் போதிக்கும்போது, முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கப்போகும் என் மகளின் முகத்தை நான் பார்க்க வேண்டுமல்லவா?